உதயப்பூர் கஷ்டம்

இந்த மார்கழித் திருவாதிரைக்கு வீட்டில் தலைகாட்டுவதில்லை என்று நடனசபாபதி முடிவு கட்டிவிட்டார். சிதம்பரத்தில் குடியிருப்பது ஒரு குற்றமா? தேர், தரிசனம் என்று கடலூரிலிருந்தும் சேத்தியாத்தோப்பிலிருந்தும் பெண்டாட்டி வீட்டு ஜனம் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கும். கட்டில் மாமியாருக்கு. கூடம் மற்றவர்களுக்கு. மூச்சிரைப்புக்கார நடனசபாபதிக்கு அடுப்பங்கரையில், ஆட்டுக்கல் பக்கத்தில், ஈரத் தரை. கல்யாணமான நாளாய் இதே கதை.

அண்ணாமலை நகர் ஆபீஸில் கூட வேலை பார்ப்பவர்கள் ராஜஸ்தானுக்கு, உதயப்பூருக்கு, டூர் ஏற்பாடு செய்திருந்தார்கள். இதமான வெயில், ஏரி, படகு. குடும்பத்தோடும் வரலாம். அவர் ஒரே ஒரு ஸீட்டுக்குப் பணம் கட்டினார். மனைவி விருத்தாம்பாளிடம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னார்.

"ஆபீஸ்ல கட்டாயமா பேர் போட்டுட்டாங்க. பாலைவனம்."

"ஐயோ மாமா! தண்ணி?"

"மருந்துக்கும் கெடையாது."

"ஏரி, கொளம்?"

"பாலைவனத்துல ஏதுடி ஏரி? மணலுதான்."

"சாப்பாடு?"

"ஒட்டகப் பாலு. அதுவும் ஒட்டகத்துக்கு இஷ்டம் இருந்தா."

விருத்தாம்பாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவருக்கே தம்மேல் இரக்கம் வந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், பெட்டி தயாராக இருந்தது. உள்ளே அவள் புடவைகள்.

"சூப்பிரண்டு சம்சாரம் தங்கம்மாளப் பாத்தேன். கட்டுன பணம் திரும்பாதாம். ஆனா ஆள மாத்திக்கலாமாம். இந்த ஒடம்ப வச்சிக்கிட்டு நீங்க ஏன் அங்க போய்ச் சாவணும்? அந்தக் கஷ்டத்த நான் படுறேன். தங்கம்மா தொணைக்கு இருக்காங்க."

"பாலைவனத்துக்குப் பட்டுப்புடவை எதுக்கு?"

"பட்டுல மணலு ஒட்டாதாம்."

நடனசபாபதி கணக்குப் போட்டுப் பார்த்தார். அங்கே ஏரி இருக்கிறது என்றால் பொய் சந்திக்கு வரும். இல்லை என்றால் ஏரி கைவிட்டுப் போகும்.

திருவாதிரை வந்தது. மாமியார் கட்டிலில். மைத்துனன் தேவநாதன் பிள்ளைகுட்டிகளோடு கூடத்தில். வெளியே விடாத மழை. நடனசபாபதி புகையில் இருமிக்கொண்டே களி கிளறினார்.

"வெல்லம் கம்மி மாப்ள" என்றாள் மாமியார்.

இந்நேரம் உதயப்பூரில் வெயில் அடிக்கும் என்று நினைத்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் வெல்லம் போட்டார். ஒரே ஒரு வருஷம் வெயில் காய ஆசைப்பட்டார். அதையும் தம் வாயாலேயே கெடுத்துக்கொண்டார்.

விருத்தாம்பாள் திரும்பி வந்தாள். முகம் தளதளவென்று இருந்தது.

"எப்பிடி இருந்துச்சி?"

"நீங்க சொன்னது வாஸ்தவம் மாமா. ஒரே கஷ்டம். பாதி நாளு படகுலியே குந்தியிருக்க வேண்டியதாப் போச்சி."

அவர் அடுப்பை ஊதினார்.

"வர்ற வருஷம் காஷ்மீராம். பனி ஜாஸ்தியாம், ஒங்க நெஞ்சுக்கு ஆவாது. அதுக்கும் எம்பேரையே குடுத்துட்டு வந்துட்டேன்."