முடியிழந்த ராஜா

குடியரசு தினத்தன்று ஒரு துரும்பைக்கூட நகர்த்துவதில்லை என்று மீட்டர்காரர் சபதம் எடுத்திருந்தார். வீடு வீடாக ஏறி இறங்கித் தண்ணீர் மீட்டர் பார்ப்பது அவர் பிழைப்பு. முட்டிக்கு ஓய்வு கிடைக்கும் நாள் அது ஒன்றுதான். அதிலும் மண் விழுந்தது.

"என்னங்க, லீவு அன்னிக்கு என் தம்பி வீடு மாத்துறான். நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பீரோவுக்கு ஒரு கை குடுங்க."

மச்சானுடைய பீரோவுக்குக் கை போதாது, தும்பிக்கை வேண்டும். மீட்டர்காரர் வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"முடியாதும்மா. அணிவகுப்புல நான் இருக்கேன். மேலிடத்து உத்தரவு."

"அடேயப்பா! டிவியில காட்டுவாங்கல்ல? எல்லாரும் உட்கார்ந்து பார்க்கிறோம்!"

வசமாக மாட்டிக்கொண்டார். மறுநாள் மேலதிகாரியிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார்.

"அலங்கார வண்டியில ஒரு வேஷம் காலியா இருக்கு. யாருமே ஒத்துக்கல. உனக்குச் சம்மதமா?"

சம்மதம் என்ற பிறகுதான் விஷயம் தெரிந்தது. நாடு குடியரசானபோது முடியிழந்த ராஜா வேஷம்! அவருடைய வழுக்கைக்கு மேக்கப்பே தேவைப்படவில்லை.

அணிவகுப்பன்று கையில் சங்கிலி. மண்டையைப் பிளக்கும் வெயில். ஆடாமல் அசையாமல் தலைகுனிந்து நின்றார். தெருவெல்லாம் "ஒழிக!" என்றது. யாரோ எறிந்த வாழைப்பழத்தோல் குறி தப்பாமல் வழுக்கையில் வந்து உட்கார்ந்தது. தட்டிவிடவும் வழியில்லை. பேசாமல் பீரோவையே தூக்கியிருக்கலாம் என்று மனசு அழுதது.

நொண்டிக்கொண்டே வீடு திரும்பினால், கதவு பாதிதான் திறந்தது. பின்னால் பீரோ! கூடத்தில் கட்டில். கட்டிலில் மச்சான்.

"வாங்க அத்தான்! டிவியில பார்த்தோம். சங்கிலி உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருந்திச்சு!"

"இதெல்லாம் இங்க எப்படி?"

மனைவி தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். "நம்ம வீடு தரைத்தளம்தானே? சுலபமா இறக்கிட்டோம்."

"அந்த நாலாவது மாடி?"

"வேண்டாம்னு தம்பிகிட்ட நாலு நாள் முன்னாடியே சொல்லிட்டேன். அன்னிக்குத்தான் உங்க மேலதிகாரி சம்சாரத்தைக் கடையில பார்த்தேங்க. 'உங்க வீட்டுக்காரர் கெஞ்சிக் கேட்டுல்ல ராஜா வேஷம் வாங்கினாரு'ன்னு ஒரே சிரிப்பு."

மீட்டர்காரருக்குத் தண்ணீர் புரையேறியது. "எத்தனை நாளைக்கும்மா?"

"குடியரசு தினத்துல குடிவந்தவனைப் பார்த்து அப்படியெல்லாம் கேட்கலாமா? போய்க் கட்டிலுக்கு அந்தப் பக்கம் பிடிங்க, உள்ரூம்ல போட்டுடலாம்."