சொல்தாவின் கிரைண்டர்

அரசாங்கப் படிவத்தில் உண்மை எழுதலாம், தப்பில்லை. ஆனால் முழு உண்மையையும் எழுதுகிறவன் உருப்படமாட்டான். நான் எழுதினேன்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், புதுச்சேரியில் ஒரு சின்ன ஏற்றுமதிக் கம்பெனியில் காகிதம் நிரப்புகிற வேலை. (ஆவணப் பிரிவு என்று போர்டு உண்டு. பிரிவில் இருந்தது நான் மட்டும்தான்.) லாஸ்பேட்டை சுமதியைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்பது என் கனவு. அவள் அப்பா எங்களுக்குத் தூரத்து உறவில் மாமா முறை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். அவர் பாரீஸில் தம்பியோடு டிபன் கடை திறக்கப்போனார். கிளம்புமுன் என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, கடைக்குப் பெரிய கிரைண்டர் ஒண்ணு அனுப்பணும். திறப்பு விழாவுக்கு முன்னாடி அங்க வந்து சேரட்டும். அப்புறம் நம்ம விஷயம் பேசிக்கலாம்."

நம்ம விஷயம்! அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏற்றுமதி அனுமதிப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: 'பொருளைப் பயன்படுத்துபவருக்கு எந்த நாட்டு ராணுவத்துடனாவது தொடர்பு உண்டா?' ரிட்டையர் ஆனவர் கணக்கில் வருவாரா, மாட்டாரா? விதிப் புத்தகத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் அர்த்தம் வந்தது. அனுமதி கொடுக்கிற சென்னை ஆபீசுக்குப் போன் போட்டேன்.

"அது கேஸைப் பொறுத்தது சார்."

"என் கேஸ்ல எப்படி சார்?"

"சந்தேகம்னா 'உண்டு'ன்னே போட்டுடுங்க. சேஃப்."

போட்டேன். 'பிரெஞ்சு ராணுவம்' என்று விவரமும் எழுதினேன். அத்தோடு விட்டேனா? மாவு கிரைண்டர் என்று எழுதினால் மாமனாருக்குக் கௌரவக் குறைச்சல் என்று நினைத்து, 'ஹெவி டியூட்டி ரோட்டரி மெஷின்' என்று எழுதிவைத்தேன்.

கிரைண்டர் துறைமுகத்திலேயே உட்கார்ந்துவிட்டது. படிவத்தில் ராணுவம் என்று இருப்பதால் நிற்கிறது என்று மட்டும் மாமாவுக்குச் சொல்லிவைத்தேன். சென்னை ஆபீசிலிருந்து கடிதம் வந்தது: எந்தப் படைப்பிரிவுக்கு? நிமிடத்துக்கு எத்தனை சுற்று? எதை அரைக்க? 'உளுந்து, அரிசி' என்று பணிவாகப் பதில் எழுதினேன். அடுத்த கடிதம், அந்த அரிசி படைவீரர்களின் உணவுக்கா என்று கேட்டது. சுமதி கைவிட்டுப் போகிறாள் என்றே முடிவு கட்டினேன்.

திறப்பு விழா அன்று பாரீஸிலிருந்து போன்.

"தம்பி, மிக்சியில மாவு அரைச்சேன். இட்லி பீரங்கிக் குண்டாட்டம் வந்திச்சு. நீ ஃபாரத்துல எழுதினது நெசமாயிடுச்சிய்யா!"

அழுதுவிட்டேன். மாமா, தப்பு என்னுடையதுதான் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். ரோட்டரி மெஷின் உட்பட.

"இவ்ளோ உண்மைய எழுதுறவன் எம்பொண்ணுகிட்ட எதையும் மறைக்கமாட்டான். ஊருக்கு வந்ததும் தட்டு மாத்திக்கலாம்" என்றார்.

கிரைண்டருக்கு அனுமதி கிடைக்கவே இல்லை. திரும்பி வந்து, துறைமுக முத்திரையோடு எங்கள் கல்யாணச் சீரில் உட்கார்ந்தது. அது சுற்றும்போதெல்லாம், "ராணுவம் கிளம்பிடுச்சு" என்று வீட்டில் யாராவது சல்யூட் அடிப்பார்கள்.

போன வாரம் ரேஷன் கார்டுக்குப் படிவம் வந்தது. பேனாவைத் திறந்தேன். சுமதி பிடுங்கிக்கொண்டாள்.

"குடுங்க இங்க. நீங்க எழுதினா தோசைக்கல்லையும் பறிமுதல் பண்ணிட்டுப் போயிடுவாங்க."