உடைக்க முடியாத லேப்டாப்

புதிதாக எதையாவது கற்றுக்கொண்டவர்களை ஆறு மாதத்துக்கு மைக் பக்கமே விடக்கூடாது. எனக்கு இருபத்து நாலு வயதில் லினக்ஸ் தெரிந்துவிட்டது. இலவசமாகக் கிடைக்கும், உள்ளே எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். அப்படி ஒரு கம்ப்யூட்டர் சிஸ்டம்! யார் வீட்டுக்குப் போனாலும் அவர்கள் கம்ப்யூட்டரைக் காட்டச் சொல்வேன். (நாளடைவில் காபி கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.)

அந்தச் சமயம் பார்த்து, ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் அடுக்ககத்தின் கேட் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தது. வருவோர் போவோர் பட்டியல் மொத்தமும் காலி. செயலாளர் ரங்கநாதன் மாமா, காசு கொடுத்து வாங்கும் சிஸ்டம்தான் பாதுகாப்பு என்று அதன் புதுப் பதிப்பைப் போடப் பார்த்தார். நான் விடுவேனா? ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம் போட வைத்தேன். கார் நிறுத்துமிடத்தில் அப்பாவின் வெள்ளை வேட்டியே திரை.

ப்ரொஜெக்டரோடு வந்தவன் சேவியர். ஆபீஸ் நண்பன், நொச்சிக்குப்பத்துக்காரன், எனக்கு லினக்ஸ் சொல்லிக்கொடுத்தவன். வீட்டில் அவ்வளவுதான் சொல்லியிருந்தேன். நாங்கள் கல்யாணம் செய்துகொள்வதாக முடிவெடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அதை நேரில் சொல்லத் தைரியமில்லாமல் லேப்டாப்பில் ஒரு கடிதம் எழுதி, தினமும் ஒரு வார்த்தையை மாற்றிக்கொண்டிருந்தேன்.

ரங்கநாதன் மாமா எழுந்தார். "உள்ளே இருக்கறதை ஊரே பார்க்கலாம்னா திருடனும் பார்த்துண்டு வந்துடுவானேம்மா?"

"பூட்டு எப்படிச் செஞ்சிருக்குன்னு ஆயிரம் பேர் பார்த்தா, ஓட்டை இருந்தா யாராவது ஒருத்தர் சொல்லிடுவாங்க மாமா. மூடி வச்சா, ஓட்டை இருக்கறது செஞ்சவனுக்கும் திருடனுக்கும் மட்டும்தான் தெரியும். சாவி எப்பவும் நம்மகிட்டதானே இருக்கு!"

கைதட்டல்! அதோடு உட்கார்ந்திருக்கலாம். ப்ரொஜெக்டரோடு இணைத்திருந்த என் லேப்டாப்பைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி மேசையில் வைத்து, "அஞ்சு நிமிஷம். யார் வேணும்னாலும் வாங்க, உள்ளே நுழைஞ்சு காட்டுங்க!" என்று அறைகூவல் விடுத்தேன்.

இரண்டாம் மாடி டாக்டர் நாலு தடவை முயன்று தோற்றார். என் கால் தரையில் பாவவில்லை.

"நான் பார்க்கட்டுமா?" என்று எழுந்தவர் என் அம்மா.

கூட்டம் சிரித்தது. (முதலில் சிரித்தது நான்.) அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒற்றை விரலால், "பெரிய எக்ஸ்... சின்ன ஏ... வி... ஐ..." என்று முணுமுணுத்தபடி தட்ட ஆரம்பித்தார். நான் சிரிப்பை நிறுத்தினேன்.

"ஆச்சரியக்குறி எங்கேடி இருக்கு?"

"ஷிஃப்ட்டும் ஒண்ணும்" என்று சொல்லிவிட்டேன். பழக்கதோஷம்!

லேப்டாப் திறந்துகொண்டது. கடைசியாகத் திறந்து வைத்திருந்த கடிதம், ஆறடி அகலத்துக்கு வேட்டியில் விரிந்தது. 'அன்புள்ள அப்பா, அம்மா, நானும் சேவியரும்...'

நாற்பது பேரும் சத்தமில்லாமல் படித்தார்கள். பதறிப்போன சேவியர் ஒயரைப் பிடுங்கினான். மின்விசிறி நின்றது. கடிதம் நிற்கவில்லை. வியர்க்க வியர்க்க எல்லோரும் கடைசி வரி வரை படித்து முடித்தார்கள்.

அப்பா மெல்ல எழுந்து திரையருகே போனார்.

"மன்னிப்புக்கு மூணு சுழி போட்டிருக்கே" என்றார். பிறகு சேவியரைப் பார்த்து, "ஃபேனைப் போடுப்பா. உங்க வீட்ல சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல அங்கிள்... பயமா கீது."

"அம்மா, பாஸ்வேர்டு எப்படி...?" என்றேன்.

"தினம் காலைல அவன் பேரை எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கிட்டேதானே அந்தப் பொட்டியைத் திறக்கறே? நீயா சொல்லுவேன்னு மூணு மாசம் பார்த்தோம். சொல்ற வழியாக் காணோம். சரி, யார் வேணும்னாலும் வரலாம்னு நீயே கூப்பிட்டியேன்னு வந்தேன். கடிதமெல்லாம் இருக்கும்னு எனக்கென்னடி தெரியும்?"

லினக்ஸ் ஒருமனதாக வென்றது. "சிஸ்டத்துல குத்தமில்லை" என்று ரங்கநாதன் மாமாவே கேட் கம்ப்யூட்டரில் போடச் சொன்னார். அதன் பாஸ்வேர்டை மட்டும் எனக்குச் சொல்லக்கூடாது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைத்தார். அது இன்றைக்கும் அமலில் இருக்கிறது.

எங்கள் கல்யாணத்துக்கு அந்த நாற்பது பேரும் பத்திரிகைக்குக் காத்திராமல் வந்தார்கள். என் மாமியார் மீன் விற்பவர். வஞ்சிரம் வெட்டிக்கொண்டே வாடிக்கையாளர்களிடம் இந்தக் கதையை ஆரம்பித்துவிடுவார். நான் பக்கத்தில் நின்றால் குரல் இன்னும் ஏறும்.

"பொண்ணு பாக்கவே நாங்க போவல நைனா. அதுவா தெரை கட்டி, ஊரக் கூட்டி, எம்புள்ளையப் படம் போட்டு காட்டிக்கிச்சு!"