எல்லை அண்ணை வடிவாகக் கதைத்தது

கடல் கடந்து நாங்கள் குடியேறிய மவுண்ட் ஆல்பர்ட்டில் எந்த வீட்டுக் குழந்தைக்கு எந்தப் பள்ளி என்று அரசாங்கத்துக்கே சந்தேகம் வந்தாலும் எல்லை அண்ணையைத்தான் கேட்டாக வேண்டும். இங்கே பள்ளிக்கு எல்லைக்கோடு உண்டு. கோட்டுக்குள் குடியிருந்தால்தான் இடம் நிச்சயம். அந்தக் கோடு தன் வீட்டுக்கு நடுவிலேயே ஓடுகிறது என்பார் அண்ணை. "சமையல் உள்ளுக்கை, படுக்கை வெளியிலை!"

யாழ்ப்பாணத்துக்காரர். பிள்ளை குட்டி கிடையாது. ஆனாலும் தெருவிலுள்ள ஒவ்வொரு பழைய மரவீட்டின் ஜாதகமும் அவர் கையில். யார் கட்டியது, யார் பச்சைப் பெயின்ட் அடித்துக் கெடுத்தது, எந்த வீட்டுப் பெண் எந்தப் பள்ளியில் படித்து டாக்டரானாள் என்று, ரயிலைப் பிடிக்க ஓடுகிறவனையும் நிறுத்திச் சொல்வார். அவரால் நான் விட்ட ரயில்களைக் கோத்தால் நகரத்தின் மறுகோடியிலுள்ள மனுரேவா வரை நீளும்.

கோட்டுக்குள் எங்களுக்கு வாடகை வீடு பிடித்துத் தந்தவரும் அவர்தான். குடிவந்துவிட்டோம், முகவரிச் சான்றாகப் பள்ளி கேட்கும், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட வாடகைப் பத்திரம் மட்டும் வரவில்லை. மகளைப் பள்ளியில் சேர்க்கக் கடைசி நாளும் வந்துவிட்டது. அண்ணை ஃபோன் செய்தார்.

"ஸ்கூல் ஒஃபிசிலை வடிவாக் கதைச்சனான். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."

மதுரைக்காரியான என் மனைவிக்கு முகம் வெளிறிவிட்டது. "கேட்டீங்களா? அழகா கதை விட்டாராம்! யோசிக்கக்கூட வேணாமாம்! பொய் சொல்லிச் சேர்த்தா நாளைக்குப் பிள்ளைய வெளிய தள்ளிடுவாங்க. கிளம்புங்க!"

ஓடினோம். "அவர் சொன்னதெல்லாம் பொய்" என்று அலுவலகப் பெண்மணியிடம் மூச்சு வாங்க, ஆங்கிலத்தில், ஒப்புக்கொண்டேன்.

"நீங்கள் அந்த வீட்டில் இல்லையா?"

"இருக்கிறோமே!"

"பத்திரம் வராதா?"

"வருமே!"

"இவ்வளவுதான் அவர் சொன்னார். வெள்ளிக்கிழமை வரை அவகாசம் கேட்டார், கொடுத்துவிட்டேன். வேண்டாமா?"

யாழ்ப்பாணத்தில் வடிவாகக் கதைப்பதென்றால் ஒழுங்காகப் பேசுவது, யோசிப்பதென்றால் கவலைப்படுவது என்று அப்போதுதான் உறைக்க, அசடு வழிய வெளியே வந்தோம். மன்னிப்புக் கேட்பதற்காக மனைவி அண்ணைக்கு ஃபோன் போட்டாள். "அண்ணா, வீட்டுக்கு வாங்க. உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்."

மனிதர் ஒரு டப்பா மீன் கட்லெட்டோடு வந்து, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "நான் என்ன பிழை விட்டனான் தங்கச்சி? சரி, பேசுங்கோ." அவர் ஊரில் பேசுவதென்றால் திட்டுவதாம்! விஷயம் விளங்கியதும் மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பத்திரம் வியாழனே வந்தது. மகளுக்கு இடம் கிடைத்தது. அதற்கான நன்றியை எந்தத் தமிழில் சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மகள் இப்போது நாங்கள் எது கேட்டாலும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்கிறாள். பள்ளி விட்டதும் எல்லை அண்ணை வீட்டு வேலியில் சாய்ந்துகொண்டு, அவரோடு மட்டும் தமிழில் கதைக்கிறாள்.