நான் மயங்கி விழுந்த வரவேற்புரை

தமிழ் விழாக்களில் மிகவும் பாவப்பட்ட ஆள் பிரதம விருந்தினர்தான். அவருக்கு மாலை கிடைக்கும், பொன்னாடை கிடைக்கும், ஆறிப்போன தேநீர் கிடைக்கும். பேச மட்டும் நேரம் கிடைக்காது. இது தெரிந்திருந்தும் லண்டன் கிங்ஸ்பரி தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு விழாவுக்கு எல்மரை நானே கூட்டிக்கொண்டு போனேன் என்றால், என்னை எதால் அடிப்பது? (செருப்பால் என்று அம்மா ஏற்கெனவே சொல்லிவிட்டார்.)

எல்மர் கனடாவின் வடக்கே, கிரீ பூர்வகுடி ஊர் ஒன்றில் பிறந்த நடிகர். அவருடைய அப்பா பொறி வைத்து முயல் பிடித்தவர். எல்மர் இளவயதில் மரம் அரியும் ஆலையில் வேலை செய்தார். ஊர் மண்டபத்து நாடகம் ஒன்றில் நடிக்க வேண்டியவர் வராமல் போக, அந்த இடத்தை நிரப்ப மேடையேறியவர் பிறகு இறங்கவே இல்லை. சினிமாவில் அவரைக் கூப்பிட்டதெல்லாம் குண்டுபட்டுக் குதிரையிலிருந்து விழத்தான். ஒரு கட்டத்தில், சாவதற்கு முன் தன் மொழியில் ஒரு முழு வசனமாவது பேசவிட வேண்டும் என்று நிபந்தனை போட்டார். அதனால் கொஞ்சக் காலம் வேலை இல்லாமல் வீட்டிலும் இருந்தார். எழுபது வயதில் லண்டன் மேடையில் அவருக்கு நீதிபதி வேடம் கிடைத்தது. கடைசிக் காட்சிவரை உயிரோடு இருக்கும் வேடம் என்பதில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த நாடகத்தில் நான் அவருடைய டிரெஸ்ஸர். நடிகர்களுக்கு உடுப்பு மாட்டி, நேரத்துக்கு மேடைக்கு அனுப்பும் வேலை. அப்பாவின் பாஷையில், "வெள்ளைக்காரருக்குப் பொத்தான் பூட்டுற வேலை." எல்மர் வெள்ளைக்காரர் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "ஆருக்குப் பூட்டினாலும் பொத்தான் பொத்தான்தானே பிள்ளை" என்றார்.

அப்பாதான் பாடசாலையின் தலைவர். எல்மர் வந்து அந்த மேடையில் உட்கார்ந்தால் அப்பாவின் கண்ணில் என் வேலை ஒரு படியாவது ஏறும் என்று ஆசைப்பட்டேன். அன்று பகல் காட்சி இல்லை. ஆனால் மாலை ஏழு மணிக்குள் எல்மர் தியேட்டருக்குள் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அவருக்குப் பதில் வேறொருவர் மேடையேறுவார், எனக்குப் பதில் வேறொருத்தி பொத்தான் பூட்டுவாள். விழா மூன்று மணிக்கு என்று அழைப்பிதழ் சொன்னது. அழைப்பிதழை நம்பினேன். (எனக்கு அப்போது வயது முப்பத்தொன்று. சின்னப்பிள்ளை இல்லை.)

விளக்கேற்றும்போதே நாலரை. நடனங்கள் முடிந்து, எல்மரின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, பொன்னாடை போர்த்தி முடிய ஐந்தே முக்கால். அதன்பிறகு அப்பா வரவேற்புரைக்கு எழும்பினார். எல்மரின் வாழ்க்கையை நான் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு கனடாவின் குளிரில் தொடங்கினார். குளிரிலிருந்து தான் லண்டனில் கண்ட முதல் குளிருக்கு வந்தார். அங்கிருந்து கம்பளிச் சட்டைக்கு, கம்பளியிலிருந்து ஆட்டுக்கு, ஆட்டிலிருந்து ஒருவழியாக முயலுக்கு.

மேடையில் எல்மருக்குப் பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்த எனக்கு வியர்த்தது.

"எல்மர், நாங்கள் எழும்பிப் போய்விடலாம்" என்றேன் மெதுவாக.

"பெரியவர் பேசுகிறார்."

"அவர் நிறுத்தமாட்டார்."

"எங்கள் ஊரிலும் நிறுத்தமாட்டார்கள். பாதியில் எழும்பிப் போகிற வழக்கம் இல்லை" என்று சொல்லிவிட்டு, "முயலுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார்.

'சுருக்கவும்' என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி அப்பாவுக்கு அனுப்பினேன். அவர் அதைப் பார்க்காமலே சட்டைப்பையில் வைத்தார். "விருந்தினரைப் பற்றி இன்னும் தகவல் வந்துகொண்டிருக்குது. அதையும் பிறகு சொல்லுறன்" என்றார். சபை கைதட்டியது.

வேறு வழி இல்லை. பெரிய நடிகர்களைப் பக்கத்தில் நின்று பார்த்தவள்தானே, நடித்துவிடலாம் என்று நினைத்தேன். எழும்பினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மடித்து, மேசையில் பத்திரமாக வைத்தேன். (புதுக் கண்ணாடி.) பிறகு மயங்கி விழுந்தேன்.

நான் கணக்கில் எடுக்காத ஒன்று இருந்தது. லண்டனில் தமிழ் மண்டபம் ஒன்றில் மயங்கி விழுவதுபோல் முட்டாள்தனம் வேறு இல்லை. தடுக்கி விழுந்தால் டொக்டர். ஒருவர் நாடி பிடித்தார். ஒருவர் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். குழந்தைகள் டொக்டர் ஒருவர் நான் மத்தியானம் சாப்பிட்டேனா என்று அம்மாவிடம் விசாரித்தார்.

இத்தனைக்கும் நடுவில் மைக்கில் அப்பாவின் குரல் கேட்டது. "பிள்ளையை டொக்டர்மார் பாக்கினம். நாங்கள் தொடருவம்."

அம்மா மேடையேறி மைக்கைப் பிடுங்கினார். "இஞ்சாருங்கோ, பெத்த பிள்ளை விழுந்து கிடக்குது. முயலை விடுங்கோ."

எல்மர் என் காதருகில் குனிந்தார். "கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு யாரும் மயங்குவதில்லை. முதலில் முழங்கால் மடங்க வேண்டும்" என்றார். இருபது தடவை செத்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

நாடி பிடித்த சிவநேசன் மாமா, "வெளியால கொண்டு வாங்கோ, ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்று சொல்லி எங்கள் இருவரையும் தன் காரில் ஏற்றினார். முதல் திருப்பத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "மாமா, ஸ்டேஷனில இறக்கிவிட ஏலுமோ?" என்று கேட்டேன்.

"அங்கதான் போறன். உன்ர நாடி குதிரை மாதிரி ஓடுது, மயங்கின ஆளுக்கு அப்பிடி ஓடாது. நானும் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டுதானே இருந்தனான்" என்றார் மாமா.

ரயிலில் எல்மர் பொன்னாடையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். கோபமோ என்று பயந்து மன்னிப்புக் கேட்டேன்.

"நாடகத்தின் நிகழ்ச்சிப் புத்தகத்தில் என்னைப் பற்றி நான்கு வரி இருக்கிறது" என்றார். "சினிமாவில் என் பெயர் ஓடும்போது சனம் எழும்பிப் போய்விடும். உன் அப்பா அரை மணி நேரம் பேசியும் நான் இன்னும் பிறக்கவில்லை. எனக்காக யாரும் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை. நீ ஏன் விழுந்தாய்?"

எனக்கு வெட்கமாகவும் அழுகையாகவும் வந்தது.

ஏழு மணிக்கு ஒரு நிமிடம் இருக்க உள்ளே ஓடினோம். பொத்தான் எல்லாம் சரியாகப் பூட்டி அனுப்பினேன். நெற்றியைத் துடைக்க மறந்துவிட்டேன். அன்று நீதிபதி குங்குமப் பொட்டோடு தீர்ப்புச் சொன்னார். வேலை போகவில்லை. ஏச்சு மட்டும் நிறைய விழுந்தது.

வீட்டில் அப்பா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள், எல்மர் ரயிலில் சொன்னதை அப்படியே சொன்னேன். அப்பா, "உங்கட தியேட்டருக்கு எந்த ரயிலில வாறது?" என்று கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை, எல்மரின் ஒப்பனை அறையில் அப்பா அதே தாளோடு நின்று, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். நான் ஒரு பக்கம் மொழிபெயர்த்தேன், மறுபக்கம் நீதிபதி அங்கியின் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டே வந்தேன். மேடைக்கு அழைப்பு வந்தது. கழுத்துப் பொத்தான் எனக்குச் சரிவரவில்லை. அப்பா பேச்சை நிறுத்தாமலே குனிந்து, அதைத் தானே பூட்டிவிட்டு, "லேசான வேலை இல்லைத்தான்" என்றார்.

எல்மர் இப்போது தன் ஊருக்குத் திரும்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பார், அப்பா தொடர்வார், நான் மொழிபெயர்ப்பேன். அப்பா இப்போதுதான் மரம் அரியும் ஆலை வரை வந்திருக்கிறார். "உன் அப்பா முடிக்கும்வரை எந்தப் படத்திலும் சாகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்" என்கிறார் எல்மர்.

போனில் அப்பா, "மரம் எண்டு சொன்னால்..." என்று தொண்டையைச் செருமும்போது, சோபாவில் இருக்கும் அம்மா என்னைப் பார்ப்பார். பிறகு தன் மூக்குக்கண்ணாடியை மெல்லக் கழற்றி, மடித்து, மேசையில் வைப்பார்.