ஐந்தாம் மாடிக்குப் போன இட்லி மாவு

நான் கெடுத்த காரியங்களில் பாதி, உதவி செய்யப் போய்க் கெடுத்தவை. மீதிப் பாதி, யாரும் கேட்காமலே உதவி செய்யப் போய்க் கெடுத்தவை. இட்லி மாவு விவகாரம் இரண்டாவது வகை.

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. ரங்கூனில் சைக்கிளில் சாப்பாடு டெலிவரி செய்துகொண்டிருந்தேன். (மோட்டார் சைக்கிள் என்றால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும்தான். நகருக்குள் விடமாட்டார்களே!) முதுகில் சூடு ஆறாமல் காக்கும் பெரிய சதுரப் பை. பின்னாலிருந்து பார்த்தால் ஒரு ஃப்ரிட்ஜ் சைக்கிள் மிதிப்பதுபோல் இருக்கும்.

என் மனைவி கலா தையல் ஃபாக்டரி வேலையை விட்டுவிட்டு, தாமுவே பேட்டையில் எங்கள் ஒற்றை அறையிலேயே இட்லி மாவு அரைத்து விற்கத் தொடங்கியிருந்தாள். முதல் பெரிய ஆர்டர் லான்மடாவ் பேட்டை ரோசி சயாமாவிடமிருந்து வந்தது. (டீச்சரம்மாவை இங்கே சயாமா என்றுதான் சொல்வோம்.) கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை, சர்ச் பாட்டுக் குழு முழுவதும் அவர் வீட்டில் காலைச் சாப்பாட்டுக்கு வருகிறது. ஐந்து பை மாவு வேண்டும்.

"சயாமாவுக்குப் பிடிச்சிருச்சுன்னா சர்ச்சுல எல்லாரும் வாங்குவாங்க. இல்லேன்னா தை பொறந்ததும் மறுபடி ஃபாக்டரிக்கே போயிடுறேன்," என்றாள் கலா.

அந்த ஃபாக்டரியில் அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அவள் திரும்பிப் போகக் கூடாது என்று அவளைவிட எனக்குத்தான் வீம்பு அதிகம்.

அந்த வாரம் பார்த்துக் குளிர் வந்தது. ரங்கூன் குளிரில் வெள்ளைக்காரன் பனியனோடு நடப்பான். நாங்கள் அப்படியில்லை. அன்று காலை நான் போட்டிருந்தது இரண்டு ஸ்வெட்டர், அதன்மேல் கலாவின் பூப்போட்ட ஸ்வெட்டர், தலைக்குக் குரங்குக் குல்லா. கையுறை இல்லாததால் கைகளில் சாக்ஸ்.

மாவுக்கும் குளிர்தான் போலிருக்கிறது. காலை ஆறு மணிக்கும் பொங்காமல், கரைத்து வைத்தபடியே கிடந்தது.

"பரவாயில்லைங்க. நேரா சயாமா வீட்டுக்குக் கொண்டு போங்க. அடுப்புப் பக்கத்துல வெச்சா பத்து மணிக்குள்ள பொங்கிரும்னு சொல்லியிருக்கேன். பைய மட்டும் இறுக்கிக் கட்டாதீங்க, அதுக்கு மூச்சு விட இடம் வேணும்," என்றாள் கலா.

"சரி, சரி," என்றேன். எனக்குத்தான் மூளை இருக்கிறதே! கம்பெனிப் பையில் மாவு சிந்தினால் என்ன ஆவது? ஒவ்வொரு பைக்கும் மூன்று ரப்பர் பேண்டு போட்டேன். அடுத்து இன்னொரு யோசனை வந்தது. அடுப்பையே முதுகில் சுமக்கிறவனுக்கு இன்னொரு அடுப்பு எதற்கு? சுடச்சுட மூன்று பிரியாணி ஆர்டரை எடுத்து, மாவுக்கு இரண்டு பக்கமும் அணைத்து வைத்தேன். அதைக் கொடுத்துவிட்டு மொகிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸ். அதையும் கொடுத்துவிட்டுக் கோழி சூப். மூன்று மணி நேரம் மாவு ராஜ மரியாதையோடு ஊர் சுற்றியது.

ஒன்பதரைக்கு சயாமா வீட்டுக்குக் கீழே, தெருவில் பையைத் திறந்தேன். ஐந்தும் ஐந்து கால்பந்து! பெருமை தாங்கவில்லை. அங்கேயே கலாவுக்குப் போன் போட்டேன்.

"கலா, பொங்கிருச்சு!"

"அதுக்குள்ளயா? எப்படிங்க?"

"வீட்டுக்கு வந்து சொல்றேன்," என்றேன் கம்பீரமாக.

சயாமா வீடு ஐந்தாம் மாடி. அந்தப் பேட்டைக் கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஒரு கயிறு தெருவரை தொங்கும். இழுத்தால் மேலே மணியடிக்கும். நுனிக் கொக்கியில் சாமானை மாட்டிவிட்டால் வீட்டுக்காரர் இழுத்துக்கொள்வார். மணியடித்துவிட்டு, ஐந்து பைகளின் கழுத்தையும் சேர்த்துக் கட்டி மாட்டினேன்.

"மெதுவா இழுங்க சயாமா!"

"எத்தனை வருஷமா இழுக்கறேன், எனக்கே சொல்றியா தம்பி?"

மூன்றாம் மாடியில் ஊ டின் என்ற பர்மியப் பெரியவர், போர்வையைப் போர்த்திக்கொண்டு பால்கனியில் வெயில் காய்ந்தபடி டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய ஆர்க்கிட் தொட்டி தொங்கும் கம்பியின் நுனி கொஞ்சம் வெளியே நீட்டியிருந்தது. அதில் முதல் கால்பந்து உரசியது.

டப்!

"அமலே!" என்று அலறினார் ஊ டின். கண்ணாடி, போர்வை, டீ எல்லாம் வெள்ளை. சத்தத்தில் பதறிய சயாமா கயிற்றை வெடுக்கென்று இழுக்க, மிச்சப் பைகள் ஊஞ்சலாடி மறுபடி கம்பியில் மோதின. டப், டப், டப். நான் என்ன செய்தேன்? வாயைத் திறந்துகொண்டு அண்ணாந்து பார்த்தேன். முக்கால்வாசி மாவு என்மேல்தான் இறங்கியது.

அந்த நேரம் பார்த்துப் பாட்டுக் குழு தெருவுக்குள் நுழைந்தது. மேலேயிருந்து வெள்ளை வெள்ளையாக உதிர்வதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள்.

"ஏய், ஸ்னோ!" என்றார் அடிக்குரலில் பாடும் குண்டு மனிதர். யாரோ ஒருவர் கிறிஸ்துமஸ் பாட்டே ஆரம்பித்துவிட்டார்.

ஈர மாவோடு குளிர்காற்றில் நிற்பதுதான் நிஜமான குளிர் என்று அன்று தெரிந்துகொண்டேன். கலா மறுபடி ஃபாக்டரி பஸ்ஸில் ஏறுவதுபோல் கண்ணுக்குள் ஓடியது. அழுதேன். நல்லவேளை, மாவில் தெரியவில்லை.

"தம்பி, ஒண்ணு தப்பிச்சு வந்திருச்சு! நீ மேல ஏறி வா!" என்று ஐந்தாம் மாடியிலிருந்து சயாமா கத்தினார்.

படியெல்லாம் வெள்ளைக் கால்தடம் பதித்துக்கொண்டு ஏறினேன். அந்த ஒரு பை மாவில் ஆளுக்கு இரண்டு இட்லிதான் தேறியது. சயாமா கொடுத்த பழைய லுங்கியைக் கட்டிக்கொண்டு அடுக்களையில் ஒளிந்திருந்தேன். குண்டு மனிதர் தட்டோடு அங்கேயே வந்துவிட்டார்.

"பஞ்சு மாதிரி இருக்கே! இன்னும் இல்லையா? யார் அரைச்சது?"

"என் வீட்டுக்காரி!" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் சயாமா கலாவுக்குப் போன் செய்தார். கலா "சரிங்க சயாமா" என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

"வாரா வாரம் பத்துப் பை வேணுமாம். ஊ டின்னுக்கும் ஒண்ணு. நாக்குல பட்டது ருசியா இருந்துச்சாம்."

"அப்புறம்?"

"உங்களுக்கு மட்டும் இனிமே கயிறு கிடையாதாம். படியேறித்தான் வரணுமாம்."

கலா ஃபாக்டரிப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. நான்தான் இத்தனை வருஷமாகப் படியேறிக்கொண்டிருக்கிறேன். விஷயம் அக்கம்பக்கத்துக்கும் பரவி, என் சைக்கிள் தெருவில் திரும்பினாலே எல்லா மாடியிலும் கயிறுகளைச் சரசரவென்று மேலே இழுத்துக்கொள்கிறார்கள்.

போன மாதம் என் மகளைக் கூட்டிப் போயிருந்தேன். "அப்பா, உங்களப் பாத்ததும் ஏன் எல்லாரும் கயித்த இழுத்துக்கறாங்க?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மூன்றாம் மாடியிலிருந்து ஊ டின் விளக்கிவிட்டார், கை நிறைய அபிநயத்தோடு. இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் அவள் அந்தக் கதையைச் சொல்கிறாள். வெடித்தது நான்கு பைதான். அவள் சொல்லும்போது பத்துப் பதினைந்து வெடிக்கிறது. கலா பக்கத்தில்தான் இருக்கிறாள். திருத்துவதே இல்லை.