பூமிக்குக் காய்ச்சல்

என் மாமனாரை நான் ஒருமுறை சாகடித்திருக்கிறேன். கத்தி, கம்பு எதுவும் எடுக்கவில்லை, மைக்கில் பேசியே முடித்தேன். அப்போது அவர் எனக்கு மாமனார்கூட ஆகியிருக்கவில்லை. (கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று என் மனைவி செண்பகம் இன்றும் சொல்வாள்.)

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் தற்காலிக விரிவுரையாளராக இருந்தேன். முனைவர் பட்டம் வாங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. என் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று யாராவது சொல்லிக் கேட்பதற்காகவே அந்த மூன்று மாதமும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தேன். தபால்காரர் சொன்னாலும் போதும் என்கிற நிலைமை.

ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா பூமிநாதன் ஆற்றுப்பாசனத்தில் வாழை போடுகிறவர். ஊருக்கே அவர் 'பூமி அண்ணாச்சி'. பெண்ணுக்கு என்னைப் பிடித்திருந்ததாகக் கேள்வி. எனக்கோ பெண்ணைப் பார்த்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. அண்ணாச்சிதான் பிடிகொடுக்கவில்லை. "தம்பி எங்க ஊர்ல வந்து ஒரு கூட்டம் பேசட்டும். ஊர்க்காரங்க பாக்கட்டும். பெறவு சொல்லுதேன்" என்று சொல்லி அனுப்பினார்.

அந்த ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியர் என் அப்பாவின் சிநேகிதர். அவர் பள்ளி மைதானத்தில் கூட்டம் ஏற்பாடு செய்தார். தலைமை பூமி அண்ணாச்சி, சிறப்புரை டாக்டராகிய நான்.

பேசுவதற்கு விஷயம் வேண்டுமே. நூலகத்தில் ஓர் ஆங்கிலப் பத்திரிகைக் கட்டுரை கிடைத்தது. உலகம் சூடாகிக்கொண்டே வருகிறது, ஒரு கட்டத்தைத் தாண்டினால் மீள முடியாமல் போகலாம் என்று எழுதியிருந்தார்கள். நல்ல கட்டுரைதான். எனக்குப் பிடிக்காதது அதிலிருந்த 'லாம்' மட்டும். உயரலாம், வறளலாம், மீளாமல் போகலாம். இப்படி இழுத்துக்கொண்டிருந்தால் எவன் பெண் கொடுப்பான்? பஸ்ஸில் போகும்போதே என் குறிப்பிலிருந்த 'லாம்' அத்தனையையும் பென்சிலால் அடித்துத் தள்ளினேன்.

ஊருக்குப் போய் இறங்கினால் அண்ணாச்சிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை என்றார்கள். பெரிதாக ஒன்றுமில்லை, மழையில் நனைந்து வந்தது. நானும் எட்டிப் பார்த்துவிட்டு, தலைவர் இல்லாமலே மேடை ஏறினேன்.

இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். ஒன்று மைதானத்தைப் பார்த்து இருந்தது. மற்றது தெரு தாண்டி, பஸ் நிற்கும் இடத்துப் புளியமரத்தில். ஆடி முடிந்தும் ஓயாத கச்சான், அதாவது எங்கள் பக்கத்து மேல்காற்று, அன்றைக்கு ஊளையிட்டு அடித்தது. மைதானத்தில் இருந்த நாற்பது பேருக்கு முழுப் பேச்சும் கிடைத்தது. பஸ்ஸுக்கு நின்றவர்களுக்குக் காற்று தின்றது போக மிச்சம்தான்.

தலைமையாசிரியர் தொடங்கினார். "நம்ம பூமி அண்ணாச்சி காய்ச்சல்ல படுத்திருக்கிறதுனால தலைமை தாங்க வர முடியல. இப்ப டாக்டர் பேசுவாரு." நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். "டாக்டர் பேசுவாரு" என்று அவரும் மூன்று தடவை சொன்னார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "பூமிக்குக் காய்ச்சல். இது சாதாரணக் காய்ச்சல் அல்ல. பெரிய பெரிய நிபுணர்கள் எல்லாம் பார்த்துவிட்டுக் கைவிரித்துவிட்டார்கள். பூமி இனி மீளாது." கடைசி வரியில் குரல் தழுதழுத்தது. (கண்ணாடி முன்னால் நின்று பழகியது.)

மைதானத்தில் பயந்த மாதிரி ஒருவரும் தெரியவில்லை. ஒருவர் கொட்டாவி விட்டார். அண்ணாச்சி தோட்டத்தில் வாழைத்தார் வெட்டுகிற சுடலை மட்டும் எழுந்து நின்றார். "சார், ஒரு சந்தேகம். இனி ஒண்ணுஞ் செய்ய முடியாதுன்னா, எங்கள எதுக்கு உக்கார வச்சுச் சொல்லுதீய?"

நான் சோடா குடித்தேன். நன்றியுரை ஆரம்பித்துவிட்டது.

திரும்பிப் போகப் பஸ் இல்லாததால் தலைமையாசிரியர் வீட்டில் தங்கினேன். காலையில் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, அண்ணாச்சியிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அவர் வீட்டு வாசலில் தெரு அடைத்துக் கூட்டம். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆண்கள் நின்றார்கள். பெண்கள் முந்தானையை வாயில் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். பேச்சு அப்படி எடுபட்டிருக்கிறது. இரண்டு கையையும் கூப்பி, பல் முழுவதும் தெரியச் சிரித்துக்கொண்டே நடந்தேன்.

யாரும் பதிலுக்குச் சிரிக்கவில்லை. ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "ரொம்ப நன்றிங்க" என்றேன்.

அப்புறம்தான் கவனித்தேன், ஒருத்தரும் வெறுங்கையோடு வரவில்லை. இளநீர், கோயில் திருநீறு, அம்பாசமுத்திரத்து வைத்தியர் ஒருவரின் விலாசம் எழுதிய காகிதம். சுடலை ஒரு கட்டு நிலவேம்போடு நின்றார். "நீங்க கைவிரிச்சிட்டிய. டாக்டரு விரிச்சா நாங்களும் விரிச்சிர முடியுமா சார்? கசாயம் போட்டுக் குடுத்துப் பாப்போம்" என்றார்.

"யாருக்கு?"

"பூமி அண்ணாச்சிக்குத்தான். நேத்து நீங்க பூமின்னதும் நான் இந்தத் தரைய சொல்லுதீயன்னு நெனச்சிட்டேன். பஸ்ஸுக்கு நின்னவங்க சொன்ன பெறவுதான் வெளங்குச்சு."

என் சலவைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அண்ணாச்சி எப்படி இருக்கிறார் என்று உள்ளே கேட்டவர்களுக்கு அவர் மனைவி, "கண்ணே முழிக்கல, தூங்குதாவ" என்று சொல்லியிருக்கிறார். காய்ச்சல் விட்ட அலுப்பில் மனிதர் நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தார். கூட்டம் அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டது.

உண்மையைச் சொல்ல நான் வாயைத் திறந்த நேரத்தில் தெருமுனையிலிருந்து ஒப்பாரி கேட்டது. அண்ணாச்சியின் அக்கா கோமதி. அம்பாசமுத்திரத்தில் வாழ்க்கைப்பட்டவர். வீட்டு விசேஷத்துக்கு நேரில் வந்து அழைக்காமல் தபாலில் பத்திரிகை அனுப்பிவிட்டான் என்று தம்பியோடு பதினோரு வருஷம் பேசாமல் இருந்தவர். யாரோ எஸ்.டி.டி. பூத்திலிருந்து சேதி சொல்லியிருக்கிறார்கள். சேதி அம்பாசமுத்திரம் போய்ச் சேர்ந்தபோது 'மீளாது' என்பது 'முடிஞ்சுபோச்சு' ஆகியிருந்தது. அக்கா முதல் பஸ்ஸைப் பிடித்துவிட்டார்.

"நான்தான் வீம்பு புடிச்சவ, நீயாவது வந்து கூப்பிட்டிருக்கக் கூடாதா பூமி" என்று வாசற்படியில் விழுந்து அழுதார். அந்த அழுகையில் பொய் கிடையாது. எனக்கே கண்ணீர் வந்துவிட்டது. நான் கொன்ற ஆளுக்கு நானே அழுதுகொண்டிருந்தேன்.

உள்ளேயிருந்து பனியனோடு பூமி அண்ணாச்சி எழுந்து வந்தார். கூட்டத்தைப் பார்த்தார். படியில் கிடந்தவரைப் பார்த்தார். அவர் முகம் என்னவோ ஆகிவிட்டது.

"அக்காவா? உள்ள வா. உள்ள வந்து பைய அழு" என்றார்.

அக்கா தலையைத் தூக்கினார். இழுத்த ஒப்பாரியைப் பாதியில் விட முடியாமல் அந்த அடியை முடித்துவிட்டுத்தான் நிறுத்தினார். "எவம்லே சொன்னது, நீ போயிட்டன்னு?" தெரு மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

விளக்கினேன். பூமி என்றால் உலகம், காய்ச்சல் என்றால் வெப்பம், டாக்டர் என்றால் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை. கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

"அட, அந்தப் பூமிக்கா? நல்லவேளை" என்று பெரியவர் என் கையை விட்டார். கூட்டத்துக்கு உயிர் வந்தது. உலகம் அழியப்போகிறது என்று கேட்டு இவ்வளவு நிம்மதி அடைந்த ஜனங்களை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. இளநீரை ஆளுக்கொன்றாக வெட்டிக் குடித்தார்கள்.

கோமதி அக்கா மட்டும் தணியவில்லை. "பதினோரு வருசத்து வைராக்கியத்த ஒரே நாள்ல கெடுத்துட்டான். வீட்டுக்குள்ள வாரதுக்கு முன்னாலயே மாமனாருக்குக் காரியம் பண்ணுதவன் நமக்கு வேண்டாம்." கதவுக்குப் பின்னால் செண்பகம் நிற்பது தெரிந்தது. நான் பஸ்ஸுக்குப் புறப்படத் தயாரானேன். அந்தப் பெண் எனக்கு இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தது. அதையும் 'லாம்' போடாமல்தான் நினைத்தேன்.

அண்ணாச்சி அக்காவின் கையை விடவே இல்லை. "எக்கா, இவரு அந்த மைக்குல பேசலேன்னா நீ இந்த வாசலுக்கு வந்திருப்பியா?" அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கலியாணத்துக்கு நீ முன்னால நின்னு நடத்து. பத்திரிகைய நானே அம்பாசமுத்திரத்துக்குக் கொண்டாந்து தாரேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நில்லுங்க மாப்ளே, காப்பி குடிச்சிட்டுப் போலாம்" என்றார். அதுவரை நான் 'தம்பி'.

இப்போது அவருக்கு எண்பத்தாறு வயது. எங்கள் வீட்டில் நான் எதைப் பற்றி அடித்துச் சொன்னாலும், அது மழையோ, பரீட்சை முடிவோ, குக்கர் கேஸ்கட்டோ, "லாம் போட்டுச் சொல்லுங்க" என்பார்கள். என் பிள்ளைகள் பேசக் கற்றதும் இதைத்தான் முதலில் கற்றுக்கொண்டார்கள்.

போன கோடையில் மாமனாரும் நானும் டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். உலகம் மீள முடியாத கட்டத்துக்குப் போய்விட்டது என்று செய்தி வாசிக்கிற பெண் சொன்னாள். மாமனார் சத்தத்தைக் குறைத்தார்.

"மாப்ளே, அந்தப் பிள்ள 'லாம்' போட்டுச்சா?"

"போடல மாமா."

மாமனார் டிவியை அணைத்தார்.

"அப்பச் சரி. சுடலைக்கு ஒரு போனப் போட்டு, நிலவேம்பு கொண்டாரச் சொல்லுங்க."